சொல்லிவிட்டு வரும் சத்தம்

புது டிரையர் அலறியது.

சாதாரண அலறல் இல்லை. தீயணைப்பு வண்டியே சுவரை இடித்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குள் வந்துவிட்டது போல ஓர் அலறல். துணி காய்ந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு மெஷினுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. உருளை அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீயைத் தன் சட்டைக்கே ஊட்டினார். மடிப்புக்காரி கையிலிருந்த தலையணை உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, "போன உசுரு திரும்பி வந்திருச்சா பாருங்க" என்றாள்.

அதே நொடியில் மடிப்பு மேசைக்கு அடியிலிருந்து மொட்டு பாய்ந்து வெளியே வந்தாள்.

எட்டு வயதுப் பெண். இரண்டு கைகளும் காதில். கண் எதையும் பார்க்கவில்லை. டிரையருக்குப் போட்டியாக ஒரே சுருதியில் கத்திக்கொண்டு ஓடினாள். வழியில் தள்ளுவண்டி நின்றது. அதில் காலையிலிருந்து தேய்த்து மடித்து அடுக்கிய ஹோட்டல் விரிப்புகள், இடுப்பு உயரத்துக்கு. மொட்டு மோதினாள். வண்டி சாய்ந்தது. அத்தனை வெள்ளையும் ஈரத் தரையில் சரிந்தது. வாசலைப் பார்த்து ஓடியவளைப் பின்னாலிருந்து பெரியக்கா இழுத்துப் பிடித்தாள். திரும்பிய வேகத்தில் மொட்டு அவளுடைய மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.

தேய்ப்பு மேசையிலிருந்து சின்னக்கா ஓடி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

பெரியக்கா, சின்னக்கா என்பதெல்லாம் அங்கே வேலை செய்பவர்கள் வைத்த பெயர்கள். பெரியக்காதான் சலவைக்கூடத்துக்கு முதலாளி. அவள் அதட்டினால் மெஷின்கூட ஒரு சுற்று குறைத்துச் சுற்றும் என்று பேச்சு. சின்னக்கா அவளுடைய தம்பி மனைவி. யாரையும் அதட்டமாட்டாள். ஆனால் அவள் தேய்த்த சட்டையைக் கொக்கியில் மாட்டினால் உள்ளே ஆள் நிற்பது போலவே இருக்கும். கீழே கூடம், மாடியில் வீடு. தம்பி வேன் ஓட்டினான். அழுக்கை ஏற்றி வருவதும் வெளுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவன் வேலை. அவர்களுடைய ஒரே பெண் மொட்டு. பள்ளி விட்டு வந்ததும் விளக்கு வைக்கும்வரை கூடத்தில்தான் இருப்பாள்.

சின்னக்கா மகளைக் கட்டிப் பிடிக்கவில்லை. பிடித்தால் இன்னும் கத்துவாள். கையை நீட்டி வழியை மட்டும் காட்டினாள். மொட்டு நேராக மூன்றாவது வாஷிங் மெஷினுக்குப் போய், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு முதுகில் இறங்க இறங்க, கத்தல் முனகலாகி, முனகல் மூச்சாகி அடங்கியது.

முன்புறம் துணி வாங்க வந்திருந்த ஹோட்டல் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்மா. செல்லம் கூடிப் போச்சு" என்றார்.

பெரியக்காவுக்கு மணிக்கட்டைவிட அதுதான் வலித்தது. அவள் குனிந்து, தரையில் கிடந்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடியும் அழுக்குக் கூடையில் போட்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் மாடியில் பேச்சு எழுந்தது. வெளியே விடாத மழை. அந்த மழையால்தான் புது டிரையரே வந்தது. பத்து நாளாகக் கொடியில் போட்ட துணி காயாமல் நாற்றமடிக்க, பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிப் போட்டிருந்தாள்.

"திங்கட்கிழமையிலேருந்து மொட்டு கீழ வர வேண்டாம்" என்றாள் பெரியக்கா, தட்டைப் பார்த்தபடி.

தம்பி தண்ணீர் டம்ளரை எடுத்தான். ஏற்கெனவே குடித்துக் காலியான டம்ளர். அதையே மறுபடி குடித்தான்.

"அவ வரலன்னா நான் எப்படி அண்ணி வர்றது?" என்று கேட்டாள் சின்னக்கா.

"நீ மேல இரு. தேய்க்கறதுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

"தேய்க்கறதுக்கு ஆள் கிடைப்பாங்க. மேல கதவைச் சாத்திக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா? இங்க வந்துதானே அவ நாலு மனுஷங்களைப் பார்க்கிறா?"

"எங்க பார்க்கிறா? யார் முகத்தைப் பார்க்கிறா?" பெரியக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "டாக்டர் ஏதோ பேர் சொன்னார், ஆட்டிசம்னு. சரி, கேட்டுக்கிட்டோம். பேர் வெச்சதும் கடி வலிக்காம போயிடுமா? நாளைக்குத் துணி தேய்க்கிற அந்தச் சூட்டு உருளைக்குள்ள ஓடிப் போய்க் கையை விட்டுட்டா? அது துணின்னும் பார்க்காது, விரல்னும் பார்க்காது. யார் பதில் சொல்றது?"

சின்னக்காவுக்கும் அந்தப் பயம் உண்டு. பயம் நியாயமான பயம்.

"என்னங்க, நீங்க சொல்லுங்களேன்" என்று கணவனைப் பார்த்தாள்.

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றான் அவன். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்" என்றான்.

"உன்னை வேன் ஓட்ட விட்டதே தப்பு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திருப்புவே" என்றாள் பெரியக்கா.

சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தைரியமும் வந்துவிட்டது. "திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கில்ல அண்ணி? அதுவரைக்கும் அவ வரட்டும். எல்லாருக்கும் நான் சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"நாலு வருஷமாப் புரியாதது இந்த வாரத்துல புரிஞ்சிடுமா?"

"நாலு வருஷமா நான் யாருக்கும் எதையும் சொல்லல அண்ணி. அவ என்ன பண்ணினாலும் பின்னாடியே போய் மன்னிப்பு மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

பெரியக்கா எழுந்து கை கழுவப் போனாள். முடியாது என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

மறுநாள் முற்பகல் டீ வந்ததும் சின்னக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உருளை அண்ணா, இங்க வாங்க. உங்களுக்கு ஒரு சட்டை தரப் போறேன்" என்றாள்.

"எனக்கா? என் சைஸுக்குக் கூடாரம்தாம்மா கிடைக்கும்."

உருளைத் தேய்ப்பு மெஷினில் வேலை செய்வதால் மட்டும் அந்தப் பெயர் அவருக்கு வரவில்லை. ஆளும் அந்த வாகுதான். சின்னக்கா கையில் இருந்தது ஹோட்டல் சமையல்காரரின் வெள்ளைக் கோட்டு. காலையிலேயே அதற்கு இரண்டு தரம் கஞ்சி போட்டு, அட்டையாகத் தேய்த்து வைத்திருந்தாள். அதை அப்படியே பனியன் மேல் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கஞ்சியில் விறைத்த தையல் முனைகளும் கழுத்துப் பட்டையின் துணிச் சீட்டும் எல்லாம் உடம்பைப் பார்த்து நின்றன.

"குத்துதும்மா."

"குத்தட்டும். இப்படி வந்து நில்லுங்க."

கிடங்கு வாசலில், ஒரு மாதமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்த ட்யூப் லைட்டுக்குக் கீழே அவரை நிறுத்தினாள். ரேடியோவை எடுத்துவந்து, எந்த நிலையமும் கிடைக்காத இடத்தில் முள்ளை வைத்து இரையவிட்டாள். ஓர் ஈரத் துவாலையை மடிப்புக்காரியிடம் கொடுத்து, "நினைச்சப்ப எல்லாம் அண்ணன் கழுத்துல ஒரு தட்டு தட்டு. எப்பன்னு சொல்லாதே" என்றாள்.

"இந்த வேலைக்குத்தான் அக்கா நான் இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் மடிப்புக்காரி.

"அண்ணா, நேத்து உருளையில எந்தெந்த இடத்துத் துணி போச்சு? வரிசையாச் சொல்லுங்க."

"இதென்ன பெரிய விஷயம். முதல்ல கிளினிக் திரைச்சீலை. அப்புறம் விடுதி... ஏய், தட்டாதே. அப்புறம் விடுதி விரிப்பு, அப்புறம்..."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

"கண்ணைப் பார்த்துக்கிட்டே எப்படிம்மா யோசிக்கறது? கிளினிக்... சொல்லிட்டேனா? அந்த ரேடியோவை நிறுத்தேன். கழுத்துல என்னமோ அரிக்குது..."

"பெரியவங்க கேட்டா ஒழுங்கா நின்னு பதில் சொல்லணும். கையை ஆட்டக் கூடாது."

மடிப்புக்காரி இன்னொரு தட்டு தட்டினாள். சரியாக அப்போது டிரையர் அலறியது. அந்த நேரத்துக்கு வரும்படி சின்னக்காதான் முன்பே திருகி வைத்திருந்தாள். உருளை அண்ணன், "கழட்டித் தொலைங்க இதை" என்று கத்திக்கொண்டு மடிப்புக்காரியின் கையைத் தட்டிவிட்டார். கோட்டை இழுத்த இழுப்பில் பித்தான் ஒன்று தெறித்து உருண்டது. மூச்சு வாங்க மேசையில் கையை ஊன்றி நின்றார்.

சின்னக்கா ரேடியோவை நிறுத்தினாள்.

"உங்களைச் சின்ன வயசுல யாரும் கண்டிச்சு வளர்க்கலையா அண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை. உருளை அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். கழுத்துச் சீட்டு உரசிய இடம் சிவந்திருந்தது.

"உங்களுக்குக் கழட்டிப் போட முடிஞ்சுது" என்றாள் சின்னக்கா. "மொட்டுக்கு எந்நேரமும் இந்தச் சட்டைதான். நமக்கெல்லாம் வேண்டாத சத்தத்தைக் காது தானா ஒதுக்கிடும். அவளுக்கு ஒதுக்கத் தெரியாது. எல்லாம் ஒரே அளவுல உள்ள போகும். கண்ணைப் பார்க்காம இருந்தாத்தான் அவளால நீங்க சொல்றதைக் கேட்கவே முடியும். அவ திமிர் பிடிச்சவ இல்ல. செல்லம் கூடிப் போனவளும் இல்ல. அவளுக்குத் தாங்கல, அவ்வளவுதான்."

"இத்தனை நாளா இதை ஏம்மா சொல்லல?" என்றார் உருளை அண்ணன், குரல் இறங்கி. "நான் வேற அவ போறப்பல்லாம் கன்னத்தைக் கிள்ளுவேன்."

"இனிமே என் கன்னத்தைக் கிள்ளுங்க, நான் திருப்பிக் கிள்ளறேன்" என்றாள் மடிப்புக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

முன்புற மேசையிலிருந்து பெரியக்கா குரல் வந்தது. "டீ ஆறிப் போச்சு. வேலையைப் பாருங்க."

அன்று பள்ளி விடும் நேரத்தில் மொட்டுவை அழைத்துவரக் குடையோடு சின்னக்கா கிளம்பினாள். மனசு நிறைந்திருந்தது. ஒரு கோட்டும் ஒரு ரேடியோவும் போதுமாக இருந்ததே, இதை முன்பே செய்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

திரும்பி வந்தபோது கூடத்து வாசலில் மொட்டு சட்டென்று நின்றாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வாஷிங் மெஷின்கள் நின்றிருந்தன. உருளை நின்றிருந்தது. டிரையரின் பிளக்கையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள். உருளை அண்ணனும் மடிப்புக்காரியும் வரிசையாக, சிரித்த முகத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நின்றார்கள். "வா கண்ணு, உனக்காக எல்லாத்தையும் நிறுத்திட்டோம்" என்று உருளை அண்ணன் கிசுகிசுத்தார். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அப்படி ஒரு சின்னக் குரல் அதுவரை வந்ததே இல்லை.

மொட்டு வாசற்படியில் மல்லாந்து விழுந்தாள். நேற்றையதைவிடப் பெரிய கத்தல். தலையைப் படியில் மோதிக்கொள்ள, சின்னக்கா தன் உள்ளங்கையை இடையில் கொடுத்துத் தாங்கினாள். மழைத்தண்ணீர் இரண்டு பேர் மேலும் சொட்டியது. தெருவில் போனவர்கள் குடையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"நாங்க என்னம்மா தப்பு பண்ணினோம்?" உருளை அண்ணன் அழுதுவிடுவார் போலிருந்தது.

பெரியக்கா முன்னால் வந்து நின்றாள். "நேத்துச் சத்தம் வந்துச்சுன்னு கத்தினா. இன்னிக்குச் சத்தம் இல்லன்னு கத்தறா. அவளுக்கு என்னதான் வேணும்? நீயாவது சொல்லித் தொலை."

குத்தலாகக் கேட்ட கேள்வி. ஆனால் சின்னக்காவுக்கு அதில் விஷயம் இருப்பதாகப் பட்டது. உள்ளங்கையில் மகளின் தலை வந்து இடித்துக்கொண்டிருக்க, இரண்டு நாளையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது மெஷினில் சாய்ந்து உட்காரத்தானே மொட்டு தினமும் இவ்வளவு வேகமாக நடந்து வருகிறாள்? அது மட்டும் சத்தம் இல்லையா? காலையில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"மெஷினைப் போடுங்க அண்ணா" என்றாள்.

"போடவா?"

"முதல்ல மூணாவது. ஒவ்வொண்ணாப் போடுங்க."

மூன்றாவது மெஷின் உறுமிக் கிளம்பியது. பிறகு ஒன்றாவது, இரண்டாவது. உருளை மெதுவாகச் சுழலத் தொடங்கியது. தரை வழியாக அந்த அதிர்வு வாசற்படிக்கு வந்து சேர்ந்தது. மொட்டுவின் தலை மோதுவதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தாள். பிறகு எழுந்து, ஈரப் பாவாடையோடு, வரிசையாக நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"பிரச்சினை சத்தம் இல்ல அண்ணி" என்றாள் சின்னக்கா, இன்னும் தரையில் உட்கார்ந்தபடியே. "சொல்லாம வர்றதுதான். நேத்துச் சத்தம் சொல்லாம வந்துச்சு. இன்னிக்கு அமைதி சொல்லாம வந்துச்சு."

"அப்ப மெஷின்கிட்டப் போய், கத்தறதுக்கு முன்னாடி பர்மிஷன் கேளுன்னு சொல்லணுமா?"

"ஆமா. ஆனா மெஷின் சொல்லாது. நாமதான் சொல்லணும்."

வாரண்டி இருப்பதால் டிரையரில் யாரும் கை வைக்க முடியாது. கம்பெனி ஆள் அடுத்த வாரம்தான் வருவான். ஆனால் இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் முள் அதன் முகத்திலேயே இருந்தது. என்ன செய்வது என்பதற்கு விடையும் கூடத்திலேயே இருந்தது. கொதிநீர்க் குழாயைத் திறக்கும்போது அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவது அங்கே வழக்கம். துணி தொங்கினால் யாரும் கிட்டே போகமாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

"நமக்கே கைசுடும்னு சொல்ல ஒரு துணி தேவைப்படுது இல்ல?" என்றாள் சின்னக்கா. "அவளுக்குக் காதுசுடும்னு சொல்ல ஒரு துணி கட்டுவோம்."

முள் கடைசிக் கோட்டுக்கு வரும்போது மடிப்புக்காரி டிரையர் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டுவாள். மொட்டு குனிந்தபடியே எதிர்த் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அது நன்றாகத் தெரியும். கட்டியதும் சின்னக்கா வந்து, துணியைக் காட்டி, தன் காதைப் பொத்திக் காட்டுவாள். பிறகு அலறல்.

முதல் தடவை மொட்டு ஓடினாள். ஆனால் வாசலுக்கு ஓடவில்லை, கிடங்குக்குள் ஓடிக் கம்பளிகளுக்கு நடுவில் புகுந்துகொண்டாள். மறுநாள் முதல் சுற்றில் துணியைப் பார்த்ததும் தானாகவே எழுந்து கம்பளிக்கு நடந்து போனாள். அடுத்த சுற்றில் போகவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு மூன்றாவது மெஷினிலேயே சாய்ந்திருந்தாள். அலறல் வந்தபோது உடம்பு ஒரு தூக்கு தூக்கியது. கத்தவில்லை.

உருளை அண்ணன் தன் பங்குக்கு ஒன்று செய்தார். உருளையைச் சுற்றித் தரையில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுத்து, மொட்டு பார்க்கும்போதெல்லாம் தான் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று, "உருளை மாமா வரலாம், வேற யாரும் வரக்கூடாது" என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியவர்கள்கூட அதற்கப்புறம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் பெரிய விரிப்புகள் மட்டும் மீதி இருந்தன. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, விலகி இழுத்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மடிப்புக்காரி கிளம்பிவிட்டதால் பெரியக்காவே எதிர் முனையைப் பிடித்தாள். இழுக்கும்போது இரண்டு பேரும் தூரத்தில், சேரும்போது மூக்குக்கு மூக்கு. பேச்சும் அந்தக் கணக்கில்தான் நடந்தது.

"கை எப்படி அண்ணி இருக்கு?"

"இருக்கு." இழுத்தார்கள். உதறினார்கள். "நீ சொன்ன பாடத்தை நானும் கேட்டேன். புரியலன்னு சொல்லமாட்டேன்."

"அப்புறம் என்ன அண்ணி?"

பெரியக்கா நடந்து வந்து முனையைக் கொடுத்தாள். கண்ணை மட்டும் கொடுக்கவில்லை. "கைக்குழந்தையா இருந்தப்ப என் தோள்லதான் தூங்குவா. உன்கிட்டகூட வரமாட்டா. ஞாபகம் இருக்கா? இப்ப நான் கூப்பிட்டா சுவர் கூப்பிட்ட மாதிரி. ஒரு தடவை, ஒரே தடவை அத்தைன்னு சொல்லியிருப்பாளா?"

"யாரையும் அவ கூப்பிடறதில்ல அண்ணி. அம்மான்னு என்னையும்தான் கூப்பிட்டதில்ல."

பெரியக்கா அடுத்த விரிப்பை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் யோசித்ததில்லை.

"உனக்கு அது கஷ்டமா இல்ல?"

"இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு." இழுத்தார்கள். "அப்புறம் அவ எப்படிக் கூப்பிடறான்னு பார்க்க ஆரம்பிச்சேன். பசிச்சா என் புடவை முனையைப் பிடிச்சு ரொட்டி டப்பா வரைக்கும் இழுத்துட்டுப் போவா. வேற யார் புடவையையும் பிடிக்கமாட்டா. அதுதான் எனக்கு அம்மா."

"என்னை எதைப் பிடிச்சு இழுத்தா? கடிச்சா, அவ்வளவுதான்."

"நீங்க பின்னாடியிலேருந்து பிடிச்சீங்க அண்ணி. யாருன்னே அவளுக்குத் தெரியாது. அது போகட்டும். நீங்க கல்யாணத்துக்கு வெளியூர் போனீங்களே, அந்த ரெண்டு நாளும் முன்பக்கத்துல உங்க நாற்காலியில யாரையும் உட்கார விடல. உங்க தம்பி உட்கார்ந்தாரு, சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளிட்டா."

"யாரும் எங்கிட்டச் சொல்லலையே."

"அவருக்கு விழுந்ததைச் சொல்ல வெட்கம்."

பெரியக்காவின் வாய் ஓரம் லேசாக இளகியது. உடனே இறுக்கிக்கொண்டாள். "நாற்காலிக்குக் கிடைக்கிற பாசம் அதுல உட்கார்ந்தவளுக்குக் கிடைக்காதாமா?"

"கிடைக்கும் அண்ணி. ஆனா நாம கேட்கிற மாதிரி கிடைக்காது. அவளுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் கிடைக்கும்."

"நல்லாப் பேசறே. இத்தனை பேச்சை இத்தனை வருஷம் எங்க வெச்சிருந்தே?" என்று கடைசி விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள் பெரியக்கா. திங்கட்கிழமையைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, சின்னக்காவும் கேட்கவில்லை. ஆனால் படியேறும்போது சின்னக்காவின் நெஞ்சில் அது ஒன்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மடிப்புக்காரி அரை நாள் லீவு. பிற்பகல் டிரையரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சின்னக்கா மேசையில் அடுக்கடுக்காகச் சட்டைகள். சூடேறிய பெட்டியை விட்டு நகர முடியாது. முள் கடைசிக் கோட்டை நெருங்குவதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, "உருளை அண்ணா, துணி" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் முன்புறத்திலிருந்து பெரியக்கா எழுந்து வந்துவிட்டாள். சிவப்புத் துணியை எடுத்து, நிதானமாக, கொதிநீர்க் குழாய்க்குக் கட்டுவது போலவே இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். சின்னக்கா இருந்த இடத்திலிருந்து பெரியக்காவின் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு கொஞ்சம் குனிந்தது. இரண்டு கைகளும் மேலே போய்க் காதைப் பொத்தின.

டிரையர் அலறி ஓய்ந்தது. மொட்டு கத்தவில்லை.

அலறல் நின்ற பிறகும் பெரியக்கா கதவைத் திறக்கவில்லை. அங்கேயே நின்றாள். "பெரியக்கா, உள்ள துணி வெந்துடப் போகுது" என்று உருளை அண்ணன் சொன்ன பிறகுதான் அசைந்தாள். அன்று அடுத்த சுற்றுக்கும் அவளே வந்தாள். அதற்கடுத்த சுற்றுக்கும்.

திங்கட்கிழமை வந்தது. காலையில் சின்னக்கா வழக்கம் போலத் தேய்ப்புப் பெட்டியைச் சூடேற்றினாள். வேறு ஆள் யாரும் வரவில்லை. பெரியக்கா வேனுக்கு வழிச்சீட்டு எழுதிக் கொடுக்கும்போது தம்பியிடம், "பள்ளிக்கூடம் விடற நேரத்துல அந்தப் பக்கமாத்தானே வருவே? மழையா இருக்கு, மொட்டுவை ஏத்திக்கிட்டு வந்துடு. ஹாரன் அடிச்சுத் தொலைக்காதே" என்றாள்.

தம்பி அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். இந்த முறை இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றதால் அவனுக்குச் சுலபமாகிவிட்டது. "சரிக்கா" என்று வண்டியை எடுத்தான்.

சின்னக்கா குனிந்துகொண்டு சட்டைக் காலரைத் தேய்த்தாள். தேய்த்ததையே இன்னொரு தரம் தேய்த்தாள். உருளை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலர் என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மழை விட்டது. டிரையர் கம்பெனி ஆளும் வந்தான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஒரு கம்பியை விடுவித்தான். "அவ்வளவுதாங்க. இனிமே வாயைத் திறக்காது. முடிஞ்சதும் பச்சை விளக்கு மட்டும் எரியும்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். முள் கோட்டைத் தொட்டது. டிரையர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. உருளை அண்ணன் கைதட்டப் போய், நினைவு வந்தவராக உள்ளங்கைகளைச் சத்தமில்லாமல் சேர்த்துக் கும்பிட்டுவிட்டார். "நிம்மதி. இனி டீ என் வாய்க்கே போகும்" என்றார்.

அன்று பிற்பகல் மொட்டு வந்து மூன்றாவது மெஷினில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். டிரையரில் கிளினிக் திரைச்சீலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சின்னக்கா ஒரு சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது, பெரியக்கா முன்புறத்தை விட்டு எழுந்து போய் டிரையர் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

சின்னக்கா பக்கத்தில் போய், "அண்ணி, அதுதான் இனிமே கத்தாதே. எதுக்குத் துணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பெரியக்கா திரும்பவில்லை. இரண்டாவது முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இருக்கட்டும். இதைக் கட்டறப்ப மட்டும்தான் அவ என் முகத்தைப் பார்க்கிறா."